ஸ்டீராய்டு ஏற்பிகளின் உருவமும் ஆர்.என்.ஏ. பிடிப்பும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழி

ஸ்டீராய்டு ஏற்பிகள், அதாவது ஸ்டீராய்டு ஹார்மோனைப் பிடித்து மரபணுக்களைத் தூண்டவோ அடக்கவோ செய்யும் புரதங்கள், ஆர்.என்.ஏ.வையும் பிடிக்கின்றன என்று கேள்விப்பட்டதும் பலர் நேராக அந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குள் குதித்துவிடுகிறார்கள். இரண்டாவது பக்கத்திலேயே மூச்சு முட்டுகிறது. எந்த எண் எதைக் குறிக்கிறது, ஏற்பியின் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே பிடிபடுவதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் சொல்கிறேன்: முதலில் ஏற்பியின் உருவத்தைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். அது பழகிவிட்டால் ஆர்.என்.ஏ. பக்கம் பாதி தானாகவே விளங்கும். ஏனென்றால் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதற்கென்று இந்தப் புரதத்தில் தனியாக ஓர் உறுப்பு இல்லை. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் இடமும் அதை ஒட்டிய ஓரமும்தான் அந்த வேலையையும் பார்க்கின்றன.

தேவையானவை அதிகமில்லை. இணைய இணைப்புள்ள கணினி, ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா போதும். புரதத் தரவு வங்கியின் தளத்திலேயே மோல்ஸ்டார் என்ற முப்பரிமாணக் காட்சிக் கருவி இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம். கைமெராஎக்ஸ், பைமால் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: கீழே வரும் தரவு வங்கிக் குறியீடுகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். தேடும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: ஒரே ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மனித உடலில் உட்கரு ஏற்பிக் குடும்பத்தில் மொத்தம் 48 பேர். அதில் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கானவை 6: கார்டிசாலுக்குக் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, ஆல்டோஸ்டீரோனுக்கு மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, டெஸ்டோஸ்டிரோன் வகையறாவுக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பி, ஈஸ்ட்ரோஜனுக்கு மட்டும் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு. ஆறையும் ஒன்றாகப் படிக்க முயன்றால் ஒன்றும் மனத்தில் நிற்காது. குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை, சுருக்கமாக ஜி.ஆர்., முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் மரபணு முதலில் படியெடுக்கப்பட்டது இதற்குத்தான், 1985இல். ஆர்.என்.ஏ. பற்றிய சுவாரசியமான சண்டையும் இதை வைத்தே நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதை ஈ.ஆர். ஆல்ஃபா என்கிறேன்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்மோன் வரும்வரை ஜி.ஆர். பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில், எச்.எஸ்.பி.90 போன்ற உதவிப் புரதங்களின் கையில் இருக்கும். ஹார்மோன் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு என்பதால் செல் சவ்வைத் தாண்டி உள்ளே வந்து ஏற்பியின் பைக்குள் உட்காரும். ஏற்பி உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைப் பிடித்து, துணைப் புரதங்களைக் கூப்பிட்டு, சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். பாடநூல் கதை இதோடு முடிந்துவிடும். ஆர்.என்.ஏ. இந்தக் கதையில் முடிவாக வரும் பொருள் மட்டும்தானா, நடுவிலேயே புகுந்து விளையாடுகிறதா என்பதுதான் நாம் போய்ச் சேரவேண்டிய கேள்வி.

படி 2: காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள்

யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தளத்தில் மனித ஜி.ஆர். பக்கத்தைத் திறவுங்கள். அதன் எண் பி04150. நீளம் 777 அமினோ அமிலங்கள். நோட்டில் ஒரு நீளக் கோடு போட்டு 1 முதல் 777 வரை குறியுங்கள். 420 வரை முன்பகுதி. 421இலிருந்து ஏறத்தாழ 486 வரை டி.என்.ஏ. பிடிக்கும் பகுதி. அதை அடுத்து ஒரு கீல், அதாவது கதவுக்குக் கீல் இருப்பதுபோல் இரண்டு கெட்டியான பகுதிகளை இணைக்கும் தளர்வான துண்டு. ஏறத்தாழ 528இலிருந்து கடைசிவரை ஹார்மோன் பிடிக்கும் பகுதி.

அடுத்து அதன் கீழேயே ஈ.ஆர். ஆல்ஃபாவுக்கும் ஒரு கோடு. எண் பி03372, நீளம் 595. இதில் டி.என்.ஏ. பகுதி ஏறத்தாழ 185 முதல் 250 வரை. கீல் அதற்கு அடுத்து. ஹார்மோன் பகுதிக்குப் பின்னால் ஒரு சின்ன வாலும் உண்டு.

இந்த இரண்டு கோடுகளையும் கையால் வரையுங்கள், திரையிலிருந்து நகலெடுக்காதீர்கள். பிறகு எந்தக் கட்டுரையில் எந்த எண்ணைப் பார்த்தாலும், அது கோட்டில் எங்கே விழுகிறது என்று பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். எனக்கு இந்தப் பழக்கம் கொடுத்த அளவுக்குத் தெளிவை வேறெந்தக் கருவியும் கொடுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை, சொந்த அனுபவத்தில். டி.என்.ஏ.வின் காரத்தை, அதாவது அதன் எழுத்தை, நேரடியாகத் தொடுவது 461ஆம் இடத்திலுள்ள லைசின் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மனித வரிசையைத் திறந்து 461ஐப் பார்த்தால் அங்கே அஸ்பராஜின் இருக்கிறது. கட்டுரையே தவறு என்று ஒரு மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது. அந்தப் பழைய படிக ஆய்வுகள் எலியின் (ராட், மவுஸ் அல்ல) ஜி.ஆரை வைத்துச் செய்யப்பட்டவை. எலிக்கு 795 அமினோ அமிலங்கள். டி.என்.ஏ. பகுதியில் எலி எண்ணிலிருந்து 19ஐக் கழித்தால் மனித எண் வரும். 461 என்பது மனிதரில் 442, அங்கே லைசின் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. எந்த உயிரியின் எண் என்று பார்க்காமல் ஒரு புள்ளியும் வைக்காதீர்கள்.

படி 3: துத்தநாக விரல்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தரவு வங்கியில் 1ஜிஎல்யூ என்ற பதிவைத் திறவுங்கள். ஜி.ஆரின் டி.என்.ஏ. பகுதி டி.என்.ஏ.வைப் பிடித்த நிலையில் எடுத்த படிக உருவம், 1991இல் வெளியானது. இரண்டு புரதத் துண்டுகள் ஒரே டி.என்.ஏ.வின் ஒரே பக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் துத்தநாக அணுக்களைத் தேடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு. ஒவ்வொரு துத்தநாகத்தையும் நான்கு சிஸ்டீன்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மனித எண்ணில் முதல் விரலுக்கு 421, 424, 438, 441. இரண்டாவதுக்கு 457, 463, 473, 476. விரல் என்ற பெயரை நம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் தேடாதீர்கள். இது இரண்டு ஆல்ஃபா சுருள்கள் (புரதச் சங்கிலி கம்பிச்சுருள்போல் முறுக்கிக்கொண்ட துண்டுகள்) குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த, கெட்டியான ஒரு சின்ன உருண்டை. துத்தநாகம் அந்த உருண்டை கலையாமல் தைத்து வைக்கும் முடிச்சு.

இப்போது முதல் சுருளை மட்டும் நிறம் மாற்றுங்கள். அது டி.என்.ஏ.வின் பெரும் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கும். 442இன் லைசின், 443இன் வாலின், 447இன் ஆர்ஜினின் ஆகிய மூன்றும்தான் காரங்களைத் தொட்டு எழுத்தைப் படிக்கின்றன. ஜி.ஆர். தேடும் எழுத்து ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ. பிறகு மூன்று எழுத்து இடைவெளி, பிறகு அதே சொல் எதிர் இழையில் திரும்பி வரும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தேடுவது ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சுருளின் தொடக்கத்தில் உள்ள மூன்றே அமினோ அமிலங்கள். ஜி.ஆரில் கிளைசின், செரின், வாலின் இருக்கும் இடங்களில் ஈ.ஆர். ஆல்ஃபாவில் குளுட்டாமிக் அமிலம், கிளைசின், அலனின் இருக்கின்றன. அவற்றை மாற்றினால் ஒரு ஏற்பி மற்றதன் எழுத்தைப் படிக்கத் தொடங்கும் என்பது 1989இலேயே காட்டப்பட்டது.

இரண்டாவது விரல் எழுத்தைப் படிக்காது. பக்கத்துத் துண்டோடு கைகோத்துக்கொள்வதும் டி.என்.ஏ.வின் முதுகெலும்பைப் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. மனித எண்ணில் 458இல் உள்ள அலனினைத் திரியோனினாக மாற்றினால் இந்தக் கைகோப்பு தளர்கிறது. கட்டுரைகளில் இந்த மாற்றம் அடிக்கடி வரும், நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

1ஜிஎல்யூவில் ஒரு குட்டித் தந்திரம் ஒளிந்திருக்கிறது. அந்தப் படிகத்தில் உள்ள டி.என்.ஏ.வில் இரண்டு பாதிகளுக்கும் இடையே மூன்று எழுத்துக்குப் பதில் நான்கு எழுத்து விட்டிருந்தார்கள். விளைவு: ஒரு துண்டு சரியான எழுத்துமேல் உட்கார்ந்தது, மற்றது ஒரு படி தள்ளித் தவறான எழுத்துமேல் உட்கார்ந்தது. இரண்டு துண்டுகளின் கைகோப்பு அவ்வளவு இறுக்கம். எழுத்தை விட்டுக்கொடுத்தாலும் கையை விடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சரியாகப் படிப்பது எப்படி இருக்கும், சும்மா ஒட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை ஒரே படத்தில் பார்க்கலாம். ஆர்.என்.ஏ. பக்கம் போகும்போது இந்த வேறுபாடு மறுபடி வரும்.

படி 4: ஹார்மோன் பையும் 12ஆம் சுருளும்

இதற்கு ஈ.ஆர். ஆல்ஃபாவுக்கு மாறுங்கள். அதன் உருவங்கள்தான் பார்க்க எளிது. 1இஆர்இ என்பது ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனோடு எடுத்தது, 1997. 3இஆர்டி என்ற ஒலியில் இரண்டு பதிவுகள் உண்டு, குழம்பாதீர்கள்: கடைசி எழுத்து டி ஃபார் டேபிள் என்றால் தமாக்சிஃபெனின் செயல்படு வடிவத்தோடு எடுத்தது, டி ஃபார் டாக் என்றால் டை-எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனோடும் ஒரு துணைப் புரதத் துண்டோடும் எடுத்தது. இரண்டும் 1998.

ஹார்மோன் பகுதி ஏறத்தாழ 12 சுருள்கள் மூன்று அடுக்காக அடுக்கிய வடிவம். ஹார்மோன் நடுவில் முழுக்க மூடப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே ஈஸ்ட்ரடையாலின் ஒரு முனையை 353இன் குளுட்டாமிக் அமிலமும் 394இன் ஆர்ஜினினும் பிடிக்கின்றன, மறுமுனையை 524இன் ஹிஸ்டிடின். இப்போது 12ஆம் சுருளை மட்டும் சிவப்பாக்கி மூன்று பதிவுகளையும் ஒப்பிடுங்கள். ஈஸ்ட்ரடையால் இருக்கும்போது அது பைக்கு மூடிபோல் படிந்திருக்கும். அப்போது பக்கத்தில் ஒரு பள்ளம் உருவாகும். லூசின் நிறைந்த சின்னச் சுருளோடு வரும் துணைப் புரதம் அதில் வந்து உட்காரும். தமாக்சிஃபெனின் நீண்ட பக்கக் கிளை மூடியைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட 12ஆம் சுருள் போய் அந்தப் பள்ளத்திலேயே படுத்துக்கொள்ளும். துணைப் புரதத்துக்கு இடமில்லை. ஒரு மார்பகப் புற்றுநோய் மருந்தின் வேலையை இவ்வளவு பச்சையாகக் கண்ணால் பார்க்க முடிவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஜி.ஆருக்கு இதேபோல் 1எம்2இசட் உண்டு, டெக்சாமெத்தசோன் என்ற செயற்கைக் குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்தோடு 2002இல் எடுத்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஜி.ஆரின் இந்தப் பகுதி கரைசலில் எளிதில் நிலைக்காது. அதனால் 602இன் ஃபினைல்அலனினைச் செரினாக மாற்றித்தான் படிகமாக்கினார்கள். தரவு வங்கியில் இருப்பது உடலில் இருப்பதன் அப்படியே நகல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: காணாமல் போன பாதி

நோட்டில் போட்ட கோட்டில் ஜி.ஆரின் முதல் 420 எண்கள் காலியாகவே இருப்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். புரத உருவங்களைக் கணினியால் கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்ட் தளத்தில் பி04150ஐப் போட்டுப் பாருங்கள். டி.என்.ஏ. பகுதியும் ஹார்மோன் பகுதியும் நீலமாக வரும். முன்பகுதியும் கீலும் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் நூல்கண்டு அவிழ்ந்ததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆரஞ்சு என்றால் கணிப்பில் நம்பிக்கை மிகக் குறைவு. பல சமயம் அந்தத் துண்டுக்கு நிலையான உருவமே இல்லை என்பதன் அறிகுறி அது. அந்த நூல்கண்டின் வளைவுகளை உண்மை என்று எண்ணி அதன்மேல் விளக்கம் கட்டாதீர்கள்.

படி 6: டி.என்.ஏ. பள்ளத்திலிருந்து ஆர்.என்.ஏ. பள்ளத்துக்கு

சரி, இப்போது ஆர்.என்.ஏ. ஏதாவது ஒரு இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவத்தை எடுத்து, 1ஜிஎல்யூவின் டி.என்.ஏ. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி.என்.ஏ.வின் பெரும் பள்ளம் அகலமானது. ஓர் ஆல்ஃபா சுருள் அதில் சௌகரியமாக நுழையும். ஆர்.என்.ஏ.வில் சர்க்கரையில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் இருப்பதால் இழைகள் வேறு மாதிரி முறுக்கிக்கொள்கின்றன. பெரும் பள்ளம் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். அது ஆழமாகவும் குறுகலாகவும் ஆகிவிடுகிறது. படி 3இல் நிறம் மாற்றினீர்களே, அந்தச் சுருள் இதற்குள் போகாது.

அப்படியானால் எப்படிப் பிடிக்கிறது? உயிருள்ள செல்லில் ஆர்.என்.ஏ. நேரான கயிறாக இருப்பதில்லை. தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுக்கும். நடுவில் ஜோடி சேராத எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புகளும் பொருந்தாத ஜோடிகளும் இருக்கும் இடத்தில் பள்ளம் அகலமாகும். இது போக, இன்னொரு வழி இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்சுமை; ஏற்பியில் நேர்மின்சுமை உள்ள லைசின், ஆர்ஜினின் கூட்டம் இருந்தால் எழுத்தைப் படிக்காமலே ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது நோட்டைத் திறந்து, ஜி.ஆரின் இரண்டாவது விரலைத் தாண்டிக் கீலின் தொடக்கத்தில் உள்ள வரிசையைப் படியுங்கள். ஆர்ஜினின், லைசின், திரியோனின், லைசின், லைசின், லைசின் என்று போகும். ஈ.ஆர். ஆல்ஃபாவிலும் அதே ஓரத்தில் 256இலிருந்து ஆர்ஜினினும் லைசினும் மாறி மாறி வரும். இந்த ஓரத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். இனி வரும் கதைகளில் பெரும்பாலானவை விரல்களிலும் இந்த வட்டத்துக்குள்ளும்தான் நடக்கின்றன.

படி 7: ஆய்வுகளைக் காலவரிசையில் படியுங்கள்

டி.என்.ஏ. பிடிக்கும் புரதம் ஆர்.என்.ஏ.வையும் பிடிப்பது விநோதமல்ல. துத்தநாக விரல் என்ற கருத்தே தவளையின் டி.எஃப்.3ஏ என்ற புரதத்திலிருந்து 1985இல் வந்தது. அந்தப் புரதம் 5எஸ் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவையும் அந்த மரபணு தரும் 5எஸ் ஆர்.என்.ஏ.வையும் இரண்டையுமே பிடிக்கும். அதன் விரல்கள் வேறு வகை, இரண்டு சிஸ்டீன் இரண்டு ஹிஸ்டிடின். ஆனாலும் முன்னுதாரணம் அதுதான்.

ஸ்டீராய்டு ஏற்பிகளில் முதல் பரபரப்பு 1999இல். புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் முன்பகுதியைத் தூண்டிலாகப் போட்டு, அதோடு சேரும் புரதங்களைத் தேடினார்கள். எஸ்.ஆர்.ஏ. என்ற ஒன்று சிக்கியது. அதைப் புரதமாக மொழிபெயர்க்க முடியாதபடி வரிசையை உடைத்துப் பார்த்தால், அப்போதும் அது ஏற்பியின் வேலையைக் கூட்டியது. அதாவது வேலை செய்தது ஆர்.என்.ஏ.வே. பிற்பாடு, அதே மரபணுவின் வேறு சில வடிவங்கள் புரதத்தையும் தருகின்றன என்று தெரிந்தது. ஆகவே இதைப் பற்றிப் படிக்கும்போது எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும். 2012இல் ஏறத்தாழ 870 எழுத்து நீளமுள்ள எஸ்.ஆர்.ஏ.வின் மடிப்பு வரைபடமும் வந்தது, நான்கு பகுதிகளோடு. கவனிக்க வேண்டியது: எஸ்.ஆர்.ஏ. பெரும்பாலும் துணைப் புரதங்கள் வழியாக ஏற்பியோடு சேர்கிறது. எஸ்.எல்.ஐ.ஆர்.பி. என்ற புரதம் அதன் ஒரு கொண்டை ஊசியைப் பிடிப்பது 2006இல் காட்டப்பட்டது. ஏற்பி நேரடியாகப் பிடிப்பதும், ஏற்பி இருக்கும் கூட்டத்தில் ஆர்.என்.ஏ.வும் இருப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது கேஸ்5 என்ற ஆர்.என்.ஏ. வளர்ச்சி நின்ற செல்களில் குவியும் மரபணுக்களைத் தேடியபோது 1988இல் கிடைத்தது, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சாதாரணமாக இந்த ஆர்.என்.ஏ. உண்டான வேகத்தில் அழிக்கப்படும். அந்த அழிப்பு, செல்லில் புரத உற்பத்தி ஓடுவதைச் சார்ந்தது. பட்டினியில் உற்பத்தி நின்றால் கேஸ்5 குவிகிறது. 2010இல் வந்த ஆய்வு சொன்னது: இதன் ஒரு கொண்டை ஊசி, ஜி.ஆர். தேடும் டி.என்.ஏ. எழுத்தைப்போல் வேடமிட்டு ஜி.ஆரின் விரல்களைப் பிடித்துக்கொள்கிறது; அதனால் ஏற்பி, தான் தூண்டும் மரபணுக்களை விட்டு விலகுகிறது. 2014இல் இன்னொரு குழு இதை அமினோ அமில அளவில் ஆராய்ந்து, பிடிப்பு எழுத்தைச் சார்ந்தது என்றும், ஜி.ஆர். மட்டுமல்ல, மினரலோகார்ட்டிகாய்டு, புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஜன் ஏற்பிகளும் பிடிக்கின்றன என்றும் காட்டியது. இந்த நான்கும் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்தைப் படிப்பவை என்பதை நினைவில் வையுங்கள். வேட விளக்கத்தோடு அது நன்றாகப் பொருந்துகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். 2019இல் வேறொரு குழு, ஜி.ஆரின் டி.என்.ஏ. பகுதிக்குப் பலவகை ஆர்.என்.ஏ.க்களைக் கொடுத்துப் பார்த்தது. கேஸ்5இன் எழுத்து இல்லாத கொண்டை ஊசிகளையும் அது நன்றாகவே பிடித்தது. எழுத்தைவிட மடிப்பின் வடிவம்தான் முக்கியம் என்றார்கள். படி 3இல் பார்த்த அந்த இரண்டு துண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் படிப்பதும் சும்மா ஒட்டிக்கொள்வதும். விவாதம் அதே இடத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், இரண்டாவது தரப்பின் வாதம் கனமானது. ஆனால் அதனாலேயே கேஸ்5 பொய்யாகிவிடாது. பல கொண்டை ஊசிகளைப் பிடிக்கக்கூடிய ஒரு புரதத்துக்கு, பட்டினிச் செல்லில் ஏராளமாகக் குவிந்த ஒரு கொண்டை ஊசி நிஜமாகவே தடையாக இருக்கலாம். 2023இல் வந்த தொடர் ஆய்வில் ஆர்.என்.ஏ. பிடிப்பு, டெக்சாமெத்தசோன் தூண்டும் மரபணு வேலையை மட்டுப்படுத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். கழுத்தில் ஒரு கடிவாளம் போல.

ஈ.ஆர். ஆல்ஃபாவின் கதை வேறு பக்கம் போகிறது. 2021இல் வெளியான ஆய்வு, மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏற்பி ஏராளமான தூது ஆர்.என்.ஏ.க்களை நேரடியாகப் பிடிக்கிறது என்று காட்டியது. பிடிக்கும் இடம் 255க்கும் 272க்கும் இடையே. நோட்டில் பாருங்கள், சிவப்பு வட்டத்துக்குள். அதற்குள்ளேயே ஆர்ஜினின், ஆர்ஜினின், கிளைசின், கிளைசின் என்று வரும் நான்கு அமினோ அமிலங்களை மாற்றினால் ஆர்.என்.ஏ. பிடிப்பு போகிறது, டி.என்.ஏ. சார்ந்த வேலை தொடர்கிறது. பிடிபட்டவற்றில் எக்ஸ்.பி.பி.1, எம்.சி.எல்.1 போன்றவை இருந்தன. முன்னதன் வெட்டி ஒட்டலையும் (ஸ்ப்ளைசிங்) பின்னதன் மொழிபெயர்ப்பையும் ஏற்பி தூண்டியது. புற்றுச் செல் நெருக்கடியிலும் மருந்திலும் தாக்குப்பிடிக்க இவை உதவின. மரபணுவைத் தூண்டுவதோடு நிற்காமல், அது தந்த ஆர்.என்.ஏ.வின் பின்னாலேயே ஏற்பி போகிறது என்று அர்த்தம். 2022இல் சோதனைக் குழாயில் செய்த அளவீடுகளும், டி.என்.ஏ. பகுதியோடு இந்த ஓரத்தையும் சேர்த்த துண்டு ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் பிடிப்பதைக் காட்டின.

படி 8: சோதனையைச் சந்தேகத்தோடு படியுங்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். ஏற்பியின் எந்தத் துண்டு? எந்த ஆர்.என்.ஏ., என்ன மடிப்பு? நேரடிப் பிடிப்பு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மூன்றாவதுதான் கடினம். செல்லை உடைத்து ஏற்பியை எதிர்ப்பொருளால் இழுத்து, கூடவே வந்த ஆர்.என்.ஏ.வைப் பட்டியலிடும் முறை பிரபலம். இதில் நண்பனின் நண்பனும் பட்டியலில் வந்துவிடுவான். புறஊதா ஒளியால் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை முன்கூட்டியே ஒட்டவைத்துவிட்டு இழுக்கும் கிளிப் முறை மேல். தூய்மையாக்கிய புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் மட்டும் கலந்து, ஜெல்லில் நகரும் வேகம் குறைகிறதா என்று பார்ப்பதும், ஒளிரும் ஆர்.என்.ஏ.வின் சுழற்சி மந்தமாகிறதா என்று அளப்பதும் நேரடிப் பிடிப்புக்கு நல்ல சான்று. ஆனால் அங்கே உப்பின் அளவைப் பாருங்கள். இவ்வளவு லைசினும் ஆர்ஜினினும் உள்ள துண்டு, உப்புக் குறைந்த கரைசலில் எந்த ஆர்.என்.ஏ.வோடும் ஒட்டும். ஒப்பீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஆர்.என்.ஏ. சேர்த்தார்களா, மடிப்பைக் குலைத்த வடிவத்தையும் சோதித்தார்களா என்று தேடுங்கள். முழு ஏற்பியா, வெட்டிய துண்டா என்பதும் முக்கியம். துண்டில் தெரியும் பிடிப்பு, முழுப் புரதத்தில் முன்பகுதியின் நூல்கண்டு பக்கத்தில் இருக்கும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலர் தவறவிடும் ஒரு சிக்கலும் இதில் உண்டு. கீலின் அந்தச் சிவப்பு வட்டம் உட்கருவுக்குள் நுழையத் தேவையான அடையாளச் சீட்டாகவும் இருக்கிறது. ஆர்ஜினின்களை மாற்றியதும் மரபணு வேலை குறைந்தால், ஆர்.என்.ஏ. பிடிப்பு போனதால் குறைந்ததா, ஏற்பி உட்கருவுக்குள்ளேயே சரியாகப் போகாததால் குறைந்ததா? மாற்றிய ஏற்பி செல்லில் எங்கே இருக்கிறது என்ற படமும், டி.என்.ஏ.வைப் பிடிக்கிறதா என்ற சோதனையும் கட்டுரையில் இல்லாவிட்டால், முடிவைப் பென்சிலில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 2015இல் ஜி.ஆர். பற்றி வந்த ஆய்வு: ஏற்பி சில தூது ஆர்.என்.ஏ.க்களின் முன்முனையில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் வந்ததும் பி.என்.ஆர்.சி.2, யூ.பி.எஃப்.1, டி.சி.பி.1ஏ ஆகிய புரதங்களைக் கூப்பிட்டு அந்த ஆர்.என்.ஏ.வை விரைவாக அழிக்கச் செய்கிறது. அழற்சிக்கு வெள்ளணுக்களை அழைக்கும் சி.சி.எல்.2 அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதில் டி.என்.ஏ.வுக்கு வேலையே இல்லை. மேலே சொன்ன மூன்று வரிகளை இதற்கு எழுதிப் பாருங்கள். எழுதும்போது, 12ஆம் சுருள் இந்தக் கதையில் எங்கே வருகிறது என்ற நான்காவது கேள்வி தானாக முளைக்கும். ஆர்.என்.ஏ.மேல் ஏற்பி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது ஹார்மோன் எதை மாற்றுகிறது? 1எம்2இசட் பதிவை மறுபடி திறந்துவைத்துக்கொண்டு யோசியுங்கள்.